அவர் எப்படி உறங்குவார் என்று யாரும் கேட்கவில்லை: நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மூளை அறுவை சிகிச்சைத் துறைக்கும் மயக்கவியல் துறைக்கும் நெறிமுறை வகுக்கும் குழுவினருக்கு,

உங்கள் பதில் சென்ற வாரம் கைக்கு வந்தது. மூளை அறுவை சிகிச்சையின்போது என் கணவரின் மூச்சு அடைபட்டதைப் பற்றி நான் எழுதிய புகாருக்கு ஐந்து மாதம் கழித்து வந்த பதில். மொத்தம் இரண்டு பத்தி. சிகிச்சை நல்லபடியாக முடிந்ததால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்கிறது முதல் பத்தி. ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் நோய், இருப்பதாகக் கண்டறியப்பட்ட எவருக்கும் இனி விழிப்புநிலையில் மூளை அறுவை சிகிச்சை செய்வதில்லை என்று முடிவெடுத்திருப்பதாக இரண்டாம் பத்தி தெரிவிக்கிறது.

அவருடைய மூச்சைக் கவனியுங்கள் என்றுதான் நான் கேட்டேன். நீங்கள் அவரையே வெளியே நிறுத்திவிட்டீர்கள். இன்னொரு தனிக் கடிதம் எழுதினால் இன்னும் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும்; எங்களிடம் அவ்வளவு காலம் இல்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. இதே முடிவை எடுக்க யோசிக்கும் இடங்கள் வேறு இருந்தால் அவர்களும் இதைத் தங்களுக்கு வந்த மடலாகவே படிக்கட்டும்.

நான் மருத்துவர் அல்ல. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் பக்கத்தில் படுத்து உறங்குபவள். ஸ்லீப் ஆப்னியா என்பதை நான் இருட்டில், காதால் அறிந்தேன். பெருங்குறட்டை விடுவார். குறட்டை கேட்கும்வரை எனக்குப் பயமில்லை. அது சட்டென்று நின்றுவிடும். மார்பும் வயிறும் எக்கி எக்கித் தவிக்கும், உள்ளே காற்று போகாது. நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்குவேன். இருபது, முப்பது, சில இரவுகளில் நாற்பதையும் தாண்டும். தோளைப் பிடித்து உலுக்கினால் உடம்பே தூக்கிப்போட்டதுபோல் ஒரு மூச்சு இழுப்பார். பிறகு மறுபடி குறட்டை, மறுபடி அந்த மௌனம். காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. நன்றாகத்தானே தூங்கினேன் என்பார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் உறக்கப் பரிசோதனை செய்தோம். மணிக்கு 41 என்று வந்தது. மூச்சு பத்து விநாடியாவது நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் எண்ணி ஒரு மணி நேரத்துக்கு இத்தனை முறை என்று சொல்லும் எண் அது. 5-ஐத் தொட்டாலே நோய். 30-ஐத் தாண்டினால் கடுமையானது. அன்றிலிருந்து வீட்டில் சிபேப் கருவி இல்லாமல் அவர் ஓர் இரவும் உறங்கியதில்லை. 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உலகுக்குக் காட்டிய எளிய வழி அது: மூக்கின் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தளர்ந்து மூடிக்கொள்ளும் தொண்டையைத் திறந்தே வைத்திருப்பது. அவருக்கு உயிரையும் எனக்கு உறக்கத்தையும் திருப்பித் தந்த கருவி.

சென்ற ஆண்டு ஒரு மாலையில் பேசிக்கொண்டிருந்தவருக்குச் சொற்கள் வரவில்லை. வாய் அசைந்தது, கண் என்னைப் பார்த்தது, பேச்சு மட்டும் இல்லை. சில நிமிடங்களில் சரியாகிவிட்டது. ஸ்கேனில் இடப்பக்க மூளையில், பேச்சுக்கு உரிய பகுதியை ஒட்டி ஒரு கட்டி தெரிந்தது. விழித்திருக்கும்போதே அறுவை செய்யலாம் என்று உங்கள் அறுவை மருத்துவர்தான் சொன்னார். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலுக்கும் எலும்பை மூடிய சவ்வுக்கும் மூளையுறைக்கும்தான் தெரியும். அவற்றை ஊசியால் மரத்துப்போகச் செய்துவிட்டு, அவரைப் பேசவைத்துக்கொண்டே மெல்லிய மின்தூண்டலால் எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எடுக்கலாம் என்று பொறுமையாக விளக்கினார். கனடாவின் மொன்றியாலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை மருத்துவரின் காலத்திலிருந்து நடந்துவரும் முறை என்றும் சொன்னார். அவர் மேல் எனக்கு அன்றும் மதிப்பு, இன்றும் மதிப்பு. என் கணவர் இன்று என்னைப் பெயர் சொல்லி அழைப்பது அவருடைய கைகளால்தான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ‘வேறு நோய்கள்’ என்ற இடத்தில் ஸ்லீப் ஆப்னியா என்றும், சிபேப் பயன்படுத்துகிறார் என்றும் நானே எழுதினேன். அந்த வரியை அடுத்து ஒரு கேள்விகூட வரவில்லை. மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும்? மல்லாந்து படுத்தால் கூடுமா, ஒருக்களித்தால் குறையுமா? எவ்வளவு சீக்கிரம் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவார்? எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒருக்களித்துப் படுத்தால் அவருக்குப் பாதிக்குப் பாதி குறையும். மல்லாந்து, தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்தால் மிக மோசம். அறுவை மேசையில் அவரை அப்படித்தான் படுக்கவைத்தார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் யாரும் கவனிக்கவில்லை. மூளை வீக்கம் தணிய மூன்று வாரம் ஸ்டீராய்டு கொடுத்திருந்தீர்கள். தேவையான மருந்துதான். ஆனால் அது பசியைக் கிளப்பி, முகத்தையும் கழுத்தையும் உப்பவைத்துவிட்டது. சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட முடியவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அளவெடுத்து வைத்த காற்றழுத்தம் இந்தக் கழுத்துக்குப் போதுமா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?

அறுவைக்கு முந்தைய இரவு, வார்டில் அவர் கட்டிலருகே மின்இணைப்பு இல்லாததால் சிபேப் போட முடியவில்லை. ஒரு நாள்தானே என்றார்கள். இரவு முழுதும் அவர் திணறித் திணறி விழித்தார். மறுநாள் மணிக்கணக்கில் விழித்திருந்து படங்களைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டிய மனிதரை உறக்கமே இல்லாமல் அனுப்பினோம். காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை போனேன். “இதெல்லாம் உள்ளே தேவைப்படாதம்மா, வீட்டுக்கு எடுத்துப் போங்கள்” என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விழித்திருந்து செய்யும் சிகிச்சைக்கு உறக்கக் கருவி எதற்கு என்று நானும் நம்பிவிட்டேன். அதற்காக இன்றுவரை என்னை நொந்துகொள்கிறேன்.

எனக்குத் தெரியாதது, உங்களுக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. விழிப்புநிலை அறுவை என்று பெயர் இருந்தாலும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எல்லோரும் விழித்திருப்பதில்லை. தலையைப் பின்களால் சட்டத்தில் பொருத்தும்போதும் எலும்பைத் திறக்கும்போதும் பெரும்பாலும் மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் வைக்கிறார்கள். அவருக்குக் கொடுத்தது ப்ரோபோஃபாலும் ரெமிஃபென்டானிலும். இரண்டுமே மூச்சின் வேகத்தைத் தணிப்பவை. ப்ரோபோஃபால் தொண்டைத் தசையையும் தளர்த்தும். எத்தனையோ இரவுகள் நான் பக்கத்தில் இருந்து கேட்ட அதே மௌனம், நான் இல்லாத ஓர் அறையில், தலையை அசைக்க முடியாதபடி பூட்டிய நிலையில் அவருக்கு வந்தது.

அதன்பின் நடந்ததை அன்றிருந்த மயக்கவியல் மருத்துவர் ஒருவர், இளையவர், மறுநாள் வந்து என்னிடம் மறைக்காமல் சொன்னார். மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்ததால் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய கருவி வெகுநேரம் நல்ல எண்ணையே காட்டியது. ஆனால் மூச்சு வெளியேறாததால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறினால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும்; ஒரு மில்லிமீட்டர் பாதரச அளவு கூடினாலே மூளைக்குப் போகும் இரத்தம் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு கூடும் என்று விளக்கினார். மூடிய தொண்டையை எதிர்த்து மார்பு எக்கும்போது மூளையும் ஏறி இறங்கும். மூளையுறை புடைத்து நிற்பதை முதலில் கண்டவர் அறுவை மருத்துவர். ஆக்சிஜன் அளவு விழுந்தது அதற்கும் பிறகுதான். மருந்தை நிறுத்தி, துணிகளுக்கு அடியில் கையை விட்டுத் தாடையைத் தூக்கிப் பிடித்து, மூக்கின் வழியே மென்குழாய் ஒன்றைச் செலுத்தினார்கள். அவர் இருமிக்கொண்டு திமிறி விழித்திருக்கிறார். மண்டை திறந்திருக்கிறது, தலை பின்களில் மாட்டியிருக்கிறது. அந்த நொடியை என்னால் இன்னும் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூளை தணிய நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். பிறகு படங்களைக் காட்டினார்கள். முந்தைய இரவு உறங்காதவர், இவ்வளவும் பட்டவர், ஒரு மணி நேரத்தில் சோர்ந்து பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். அத்தோடு முடித்தார்கள். கட்டியில் ஒரு பகுதி உள்ளே நின்றுவிட்டது. எப்படியும் எடுத்திருக்க முடியாத பகுதியாகக்கூட அது இருக்கலாம் என்று அறுவை மருத்துவர் சொன்னார். அதை மறைத்து எழுதுவது நியாயமாகாது.

ஆனால் மருத்துவ அறிக்கையில் என்ன எழுதினீர்கள்? “நோயாளி அமைதியின்றி இருந்தார்.” மூன்றே சொல்லில் பழியை அவர் மேல் போட்டுவிட்டீர்கள். மூச்சு அடைபட்ட மனிதன் அமைதியாக எப்படி இருப்பான்? அந்த வரியைப் படித்து அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் ஒழுங்காக ஒத்துழைக்கவில்லை போலிருக்கிறது என்றார். என் கோபத்தில் பெரும்பங்கு அந்த ஒரு வரிக்குத்தான்.

இப்போது உங்கள் புது விதிக்கு வருகிறேன். கண்டறியப்பட்டவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். 2019-இல் வெளியான மதிப்பீட்டின்படி 30 முதல் 69 வயதுக்குள் உலகில் ஏறத்தாழ 94 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. பரிசோதனை செய்து, ஒவ்வோர் இரவும் முகமூடி மாட்டி, அதைப் படிவத்தில் எழுதியவரை நீங்கள் விலக்குகிறீர்கள். வெறும் குறட்டை என்று நினைத்துக்கொண்டு எதையும் எழுதாதவர் உங்கள் மேசைக்கு வந்துகொண்டேதான் இருப்பார். அவருக்கும் அதே அரைமயக்கம், அதே பின்கள், அதே மௌனம். நோயைச் சொன்னால் வாய்ப்புப் போய்விடும் என்று தெரிந்தால் தெரிந்தவர்களும் மறைப்பார்கள். இந்த விதியால் ஆபத்து குறையாது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகரும்.

முழு மயக்கத்தில் செய்துவிடலாமே என்பீர்கள். முழு மயக்கத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லிப் பார்க்க முடியாது. மின்தூண்டலால் மூளையை அறிந்து அறுவை செய்வதைப் பற்றி 2012-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. 8,091 நோயாளிகளின் விவரம் அதில் உண்டு. அப்படிச் செய்தவர்களில் நெடுநாள் நீடித்த கடுமையான நரம்புக் குறைபாடு 3.4 விழுக்காடு, செய்யாதவர்களில் 8.2. பேச்சுப் பகுதியில் இந்தச் சோதனைக்கு விழித்திருக்கும் நோயாளி வேண்டும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறது என்பதற்காக ஒருவர் தன் பேச்சைப் பணயம் வைக்க வேண்டுமா? போதாக்குறைக்கு, முழு மயக்கமும் இவர்களுக்கு எளிதான வழியல்ல. குழாய் பொருத்துவது கடினமாகலாம், குழாயை எடுத்தபின் அன்றிரவு வலி மருந்தோடு உறங்கும்போது அதே தொண்டை மறுபடி மூடலாம்.

அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2014-இல் புதுப்பித்த வழிகாட்டுதலை உங்கள் கடிதம் துணைக்கு அழைக்கிறது. நானும் ஒரு மருத்துவ நண்பரின் உதவியோடு படித்தேன். மூச்சுவழியைக் காக்காமல் ஆழ்ந்த மயக்கம் கொடுப்பதைவிட, மூச்சுவழியைக் காத்து முழு மயக்கம் கொடுப்பது மேல் என்கிறது அது. சரிதான். அது ஆழ்ந்த மயக்கத்தைப் பற்றிய எச்சரிக்கை. விழித்திருப்பவரைப் பற்றியது அல்ல. அதே வழிகாட்டுதல், மிதமான மயக்கத்தின்போது, வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் போன்ற கருவியால் மூச்சைத் தொடர்ந்து கண்காணிக்கச் சொல்கிறது. சிபேப் பயன்படுத்தி வந்தவருக்கு மயக்கத்தின்போதும் அதைத் தருவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. நான் வாசல்வரை சுமந்து வந்தது அந்தக் கருவியைத்தான்.

வழி இல்லாமல் இல்லை. நரம்பு மரப்பு ஊசியை நன்றாகப் போட்டு, மயக்கமே இல்லாமல் தொடக்கம் முதல் விழிப்பிலேயே செய்யும் குழுக்கள் உண்டு. மருந்து வேண்டுமென்றால் மூச்சை அதிகம் தணிக்காத டெக்ஸ்மெடிடோமிடின் உண்டு. அதிலும் தொண்டை மூடலாம் என்பதால் குறைந்த அளவில், கவனத்தோடு. கதகதப்பான ஈரக்காற்றை நிமிடத்துக்கு 60 லிட்டர்வரை மூக்கில் செலுத்தும் கருவி உண்டு. மூக்கை மட்டும் மூடும் சிபேப் முகமூடியை எலும்பு திறக்கும் கட்டத்தில் போட்டு, பேசும் கட்டத்தில் எடுத்துவிடலாம். ஒவ்வொன்றிலும் சிக்கல் இருப்பது எனக்குத் தெரியும். முகமூடியின் பட்டை அறுவை செய்யும் இடத்தில் இடிக்கலாம். வேகமாகப் பாயும் காற்றில் கேப்னோகிராஃப் சரியாகக் காட்டாது. துணிக்கு அடியில் ஆக்சிஜன் தேங்கினால் மின்கத்தியின் பொறியில் தீப்பிடிக்கும். அதனால்தான் இவை முந்தைய வாரமே உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை. மண்டை திறந்தபின், துணிக்கு அடியில் தடவித் தேட வேண்டியவை அல்ல.

அதனால் கேட்கிறேன். ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களை ஒட்டுமொத்தமாக விலக்கும் விதியைத் திரும்பப் பெறுங்கள். யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்பதை ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, அறுவை மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் உறக்க மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். சிலருக்கு வேண்டாம் என்று முடிவானால் காரணத்தைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வோம்.

விழிப்புநிலை அறுவைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், நோய் உண்டென்று எழுதினாலும் எழுதாவிட்டாலும், ஸ்லீப் ஆப்னியா இருக்கக்கூடுமா என்று அறிய உதவும் ஸ்டாப்-பேங் கேள்விகளைக் கேளுங்கள். டொரன்டோவில் உருவாகி 2008-இல் வெளியான எட்டே கேள்விகள். அவற்றில் ஒன்று, உறக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்பது. அதற்கு நோயாளியால் பதில் சொல்ல முடியாது. பக்கத்தில் உறங்குபவரை அழைத்துக் கேளுங்கள்; அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். ஐயம் எழுந்தால், கட்டி காத்திருக்குமானால், உறக்கப் பரிசோதனை செய்து சிபேப் தொடங்கியபின் அறுவைக்கு எடுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காற்றழுத்தத்தை மறுபடி சரிபாருங்கள்.

முந்தைய இரவு சிபேப் உள்ளவரின் கட்டிலருகே மின்இணைப்பு இருப்பதை உறுதி செய்யுங்கள். இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கருவி நோயாளியுடனேயே தியேட்டருக்குள் போகட்டும். அங்கிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் போகட்டும். எப்படிப் படுக்கவைப்பது, தலையைப் பின்னில் பூட்டிய பிறகு மூச்சு அடைபட்டால் யார் தாடையைப் பிடிப்பது, எந்தக் குழாயை யார் வைப்பது என்பதை முதல் மருந்து உடலில் ஏறுமுன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். விரல் கருவியின் எண்ணை மட்டும் நம்பாமல் மூச்சுக் காற்றையே தொடர்ந்து கண்காணியுங்கள். அறுவை முடிந்த இரவு சிபேப் தரலாமா கூடாதா என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். அன்று இரவு நான் ஆறு பேரிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

என் கணவரின் அறிக்கையில் உள்ள அந்த வரியைத் திருத்துங்கள். மூச்சுவழி அடைபட்டது, அதனால் மூளை வீங்கியது, அதனால் அறுவை தடைபட்டது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அடுத்து அவரைத் தொடப்போகும் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அந்த அடுத்த மருத்துவர் வெகுதொலைவில் இல்லை. போன மாத ஸ்கேனில், உள்ளே நின்றுபோன பகுதி வளர்ந்திருக்கிறது. மறுபடி அறுவை வேண்டியிருக்கும் என்கிறார்கள். உங்கள் புது விதிப்படி அவரை விழிப்புநிலையில் எடுக்க முடியாது. நீங்கள் இந்த மாத இறுதிக்குள் பதில் தர வேண்டும் என்று கேட்பது அதனால்தான். உங்கள் குழு கூடும் நாளைச் சொல்லுங்கள். நான் நேரில் வருகிறேன். அவர் மூச்சு எப்போது, எப்படி, எத்தனை விநாடி நிற்கும் என்பதை ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நான் குறித்துவைத்த நோட்டையும், புதிதாக அளவு சரிபார்த்த சிபேப் கருவியையும் கொண்டு வருகிறேன். இம்முறை அந்தப் பையை வாசலில் வாங்கி உள்ளே எடுத்துச் செல்லப்போகிறவர் யார் என்பதையும் அந்தப் பதிலில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மனைவி